பெறுபேற்றுக்கு ஏற்ற கூலி

1862ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பயின்ற பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விலை இருந்தது. பரீட்சை நாளன்று வாசிப்பில் சித்தியெய்திய பிள்ளை பாடசாலைக்கு 2 சிலிங் 8 பென்ஸ் பெற்றுத் தந்தது. எழுத்தில் சித்தியெய்தினால் மேலும் அத்தொகை. எண்கணிதத்தில் சித்தியெய்தினால் மேலும் அத்தொகை. மூன்றிலும் தேறிய பிள்ளையின் பெறுமதி 8 சிலிங். மூன்றிலும் தவறிய பிள்ளையினால் அந்த 8 சிலிங்கில் ஒரு பென்ஸும் கிட்டவில்லை. அப்பிள்ளை ஆண்டின் தொடக்கத்தில் எந்நிலையில் இருந்தது, ஆண்டின் முடிவில் எந்நிலையை அடைந்தது என்பது கணக்கில் சேரவில்லை. கோட்டைத் தாண்டியதா, இல்லையா என்பதே கேள்வி.

‘பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு’ எனப் பெயர் பெற்ற இம்முறை வன்னெஞ்சர் சிலரின் சதியாகத் தோன்றியதன்று. அது தோன்றியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. 1833இல் பிரித்தானிய அரசாங்கம் ஏழைகளின் பள்ளிக்கூடங்களைக் கட்டுவதற்கென முதன்முதலாக 20,000 பவுண் ஒதுக்கியது. 1839இல் கல்விக்கென ஒரு குழு அமைந்தது. வித்தியாதரிசிகளும் நியமனம் பெற்றனர். 1846இல் ஆசிரிய மாணவர்களைப் பயிற்றும் திட்டம் வந்தது. செலவு ஆண்டுதோறும் பெருகி, 1861இல் 8 இலட்சம் பவுணைத் தாண்டியது. கிரைமியப் போரினால் திறைசேரி நொந்திருந்த காலம் அது. அவ்வாண்டில் வெளிவந்த நியூக்காசில் ஆணைக்குழுவின் அறிக்கை, இத்துணைப் பணம் செலவாகியும் பெரும்பாலான பிள்ளைகள் செவ்வையாக வாசிக்கவோ எழுதவோ அறியாமலே பள்ளியை விட்டு நீங்குகின்றனர் எனக் கூறிற்று. ஆசிரியர்கள் மேல்வகுப்பிலுள்ள கெட்டிக்காரச் சிறுவர் சிலரை வித்தியாதரிசியின் முன் நிறுத்திப் பெயர் வாங்குகின்றனர். கீழ்வகுப்புகளில் இருக்கும் சிறுவரையும் மந்தமானவரையும் கவனிப்பாரில்லை என்பது அதன் முறைப்பாடு. இம்முறைப்பாட்டில் உண்மை இல்லாமலில்லை.

அதற்கு மருந்து கண்டவர் றொபேட் லோ என்பவர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் மாணவரைப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்யும் ஆசிரியராகச் சில காலம் இருந்தவர். 1859 முதல் 1864 வரை கல்விக் குழுவின் உபதலைவராக விளங்கியவர். தடையற்ற வாணிகக் கொள்கையில் ஊறியவர். கொடுக்கும் காசுக்குப் பண்டம் வரவேண்டும் என்ற சந்தை நியாயத்தைப் பாடசாலைக்கும் விதித்தார். புதிய முறையினால் கல்வி மலிவாகாவிடில் திறமையுடையதாகும், திறமையுடையதாகாவிடில் மலிவாகும் என்னும் பொருள்பட அவர் 1862 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சு பிரசித்தமானது. மலிவு உடனே கிடைத்தது. 1865ஆம் ஆண்டளவில் அரசாங்கச் செலவு 6 இலட்சத்துச் சொச்சம் பவுணாகக் குறைந்தது.

‘திருத்திய விதிக்கோவை’ எனப்பட்ட அப்புதிய சட்டத்தின் உறுப்புகளைச் சிறிது நுணுகி நோக்குதல் தகும். பாடசாலையின் சராசரி வரவுக்குத் தலைக்கு 4 சிலிங் கிடைக்கும். ஆறு வயதுக்கு மேற்பட்டு, காலையோ மாலையோ 200 தடவைக்கு மேல் வருகை தந்த பிள்ளையே பரீட்சைக்கு உரியது. அப்பிள்ளையின் பேரிலேயே மேற்சொன்ன 8 சிலிங். அறுவடைக்கும் கூலிவேலைக்கும் பெற்றாரால் மறிக்கப்பட்ட பிள்ளை, எவ்வளவு படித்திருப்பினும், இடாப்பில் எண்ணிக்கை குறைந்தால் அத்தொகைக்கு உதவாது.

பாடங்கள் ஆறு தரங்களாக வகுக்கப்பட்டன. முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான கதையை வாசிக்கவேண்டும். எழுத்துகளைச் சொல்லக் கேட்டு எழுதவேண்டும். இருபது வரையிலான இலக்கங்களை எழுதவேண்டும். ஆறாந் தரத்துப் பிள்ளை புதினப்பத்திரிகையின் ஒரு பந்தியை வாசிக்கவேண்டும். கடைச் சிட்டை போன்ற கணக்கைச் செய்யவேண்டும். லோ முதலில் வரைந்த திட்டம் இதனினுங் கடுமையானது. பிள்ளைகளை வயதின்படி கூட்டங்களாகப் பிரித்துச் சோதிப்பதே அவர் எண்ணம். நேற்றுப் பள்ளிக்கு வந்த பத்து வயதுச் சிறுவனும், ஐந்தாண்டு படித்த பத்து வயதுச் சிறுவனும் ஒரே சோதனைக்கு நிற்கவேண்டியிருந்திருக்கும். எழுந்த கண்டனத்தினால் அது கைவிடப்பட்டது. எனினும் வேறொரு விதி நிலைத்தது: ஒரு தரத்தில் ஒருமுறை சோதிக்கப்பட்ட பிள்ளையை மீண்டும் அத்தரத்துக்கோ அதனிற் குறைந்த தரத்துக்கோ அனுப்பலாகாது. மெல்ல நடக்கும் பிள்ளை சென்ற ஆண்டு தவறியதை இவ்வாண்டு நன்கு கற்றுத் தேறினாலும், அத்தேர்ச்சியைக் காட்ட இடமில்லை. அடுத்த படியில் மீண்டும் தவறவே அதற்கு விதித்திருந்தது. மந்தமான பிள்ளைகளின் பொருட்டுப் பிறந்த சட்டம் அவர்களையே இவ்வாறு நெருக்கியது விந்தை.

பள்ளிக்கூடத்தினுள் நிகழ்ந்ததை வித்தியாதரிசிகளின் அறிக்கைகளும் பிற்காலத்தவரின் நினைவுக் குறிப்புகளும் காட்டுகின்றன. ஆண்டு முழுவதும் ஒரே வாசிப்புப் புத்தகம். திரும்பத் திரும்ப ஓதியதால் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றிய கதைகள் பல வழங்கின. சரித்திரம், பூமிசாத்திரம் முதலிய பாடங்கள் காசு தராதவை. ஆகவே அவை ஒதுங்கின. பரீட்சை நாள் வந்ததும் நோயுற்ற பிள்ளைகளையும் போர்வையிற் சுற்றித் தூக்கிவந்தனர். ஒரு பிள்ளை வராவிடில் 8 சிலிங் நட்டம் அல்லவா? ஆசிரியரின் சம்பளம் பல இடங்களில் அப்பணத்தையே நம்பியிருந்தது. முன்னே ஆலோசனை கூறும் அறிஞராக வந்த வித்தியாதரிசி, இப்பொழுது பண்டத்தை எண்ணிக் கொள்முதல் செய்பவராக வந்தார். அவர் வருகை ஆசிரியனுக்கும் பிள்ளைக்கும் ஒரே அச்சத்தைத் தந்தது.

அத்தகைய வித்தியாதரிசிகளுள் ஒருவரே இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். அவர் கவிஞரும் விமர்சகருமான மத்தியூ ஆர்னல்ட். 1851இல் அப்பதவி ஏற்றவர். 1886 வரை அதில் இருந்தவர். சட்டம் விவாதத்தில் இருந்தபோதே, 1862 மார்ச்சில், ‘பிறேசர்ஸ்’ சஞ்சிகையில் அதனைக் கண்டித்து எழுதினார். தம் மேலதிகாரியின் கொள்கையை ஓர் உத்தியோகத்தர் இவ்வாறு வெளிப்படையாகத் தாக்குவது எக்காலத்திலும் எளிதன்று. பாடசாலை என்பது ஓர் உயிருள்ள முழுமை. ஏழைக் குடிலிலிருந்து வரும் பிள்ளை அங்கே பெறும் ஒழுங்கும், சொல்வளமும், மனவிரிவும் மூன்று பாடங்களின் சித்தியில் அடங்கா என்பது அவர் வாதத்தின் சாரம். முன்னைய மேற்பார்வை அவ்வுயிரைத் தேடிற்று. புதியதோ தனிப்பிள்ளையின் தேர்ச்சியை எண்ணிற்று.

சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அவர் எழுதிய ஆண்டறிக்கைகள் இன்னும் கூர்மையானவை. ஒரு பிள்ளையை, அது வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் உண்மையில் அறியாதிருந்தபோதிலும், அம்மூன்றிலும் சித்தியெய்தச் செய்துவிடலாம் என்பதைக் கண்கூடாகக் கண்டதாக அவர் அறிவித்தார். இது ஒரு யந்திர விளையாட்டு, இதில் அரசாங்கத்தை வெல்லும் தந்திரத்தை ஆசிரியர்கள் கற்றுக்கொள்வார்கள் என எச்சரித்தார். அவ்வாறே நிகழ்ந்தது. 1867இல் சரித்திரம், பூமிசாத்திரம், இலக்கணம் போன்றவற்றிற்கும் மேலதிகப் பணம் தருவதென ஏற்பாடாயிற்று. இப்பாடங்களையும் அந்த விளையாட்டினுள் இழுத்ததே அதன் பயன். பணம் எதற்குக் கிடைக்கிறதோ அதுவே கல்வி என்றாகிவிட்டபின், புதிய பாடத்தைச் சேர்ப்பது நோய்க்கு மருந்தாகாது.

ஆர்னல்டின் தரப்பிலும் ஒரு குறை உண்டென்பதை மறைத்தலாகாது. தனிப்பிள்ளையைச் சோதிக்காமற் பாடசாலையின் பொதுவான தன்மையைப் பார்க்கும் பழைய முறையிலே, பின்வாங்கில் இருந்த சிறுவன் எவர் கண்ணிலும் படாமற் போனான் என்று லோவின் தரப்பார் கூறியதற்கு அவர் போதிய விடை தரவில்லை. அச்சிறுவனின் வளர்ச்சியை அவனுடைய தொடக்க நிலையோடு ஒப்பிட்டு அளக்கும் மூன்றாவது வழியை இரு தரப்பாரும் தேடவில்லை.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை மாகாணத்திலே உதவி பெறும் பாடசாலைகளுக்கு இவ்வடிப்படையில் பணம் வழங்கப்பட்டது. இலங்கையில் மோகன் குழுவின் விதப்புரையைத் தொடர்ந்து 1869இல் பொதுப் போதனாப் பகுதி நிறுவப்பட்டது. அதன் முதற் பணிப்பாளரான லோறி இங்கிலாந்திலே வித்தியாதரிசியாக இருந்தவர். அதன்பின் இங்கும் உதவி நன்கொடை பரீட்சைப் பெறுபேற்றோடு பிணைக்கப்பட்டது. லண்டனிலே ஆர்னல்ட் கண்டித்த அளவுகோல், அக்கண்டனம் எழுதப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள், பனையோலையும் மணலும் கொண்டு அரிவரி பயின்றுவந்த பிள்ளைகளின் நாட்டிலும் நுழைந்தது.

இங்கிலாந்தில் எதிர்ப்பு மெல்ல வலுத்தது. ஆசிரியர் சங்கம் இடைவிடாது போராடியது. 1888இல் குறொஸ் ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1890ஆம் ஆண்டு விதிக்கோவை தனிப்பிள்ளைப் பரீட்சைக்கான கொடுப்பனவிற் பெரும்பகுதியை நீக்கியது. 1895இல் ஆண்டுப் பரீட்சைக்குப் பதிலாக வித்தியாதரிசியின் வருகையே போதும் என்றாயிற்று. 1897அளவில் எஞ்சியதும் ஒழிந்தது. 1905இல் கல்விச் சபை ஆசிரியர்களுக்கென ஒரு கைந்நூலை வெளியிட்டு, ஒவ்வோர் ஆசிரியரும் தாமே சிந்தித்துத் தமக்கேற்ற முறையை வகுத்துக்கொள்ளலாம் என அறிவித்தது. ஆனால், முப்பது ஆண்டுகள் பிறர் கட்டளைப்படி நடந்த கால்கள் ஒரே நாளில் தாமாக நடந்துவிடுவதில்லை. பழைய தரங்களும் பழைய பயிற்சியும் பழைய அச்சமும் பல பள்ளிகளில் நீடித்தன.

இவ்வுண்மையை உரக்கச் சொன்னவர் எட்மண்ட் ஹோம்ஸ். 1875இல் வித்தியாதரிசியாகச் சேர்ந்து, அம்முறையைத் தம் கையாலேயே நடத்தி, 1905இல் ஆரம்பப் பாடசாலைகளின் பிரதம வித்தியாதரிசியாக உயர்ந்தவர். ஓய்வுபெற்றபின் 1911இல் ஒரு நூல் வெளியிட்டார். தாமும் தம்மைப் போன்றவர்களும் ஆசிரியரை யந்திரமாக்க, அவர் பிள்ளையை யந்திரமாக்கினார் என்ற குற்றத்தை அதிலே தம் தலையிலும் ஏற்றுக்கொண்டார். (இதே ஹோம்ஸ், ஆரம்பப் பாடசாலை ஆசிரியராய் இருந்து உள்ளூர் அதிகாரிகளிடம் வித்தியாதரிசியானோரை இழித்து எழுதிய இரகசியக் குறிப்பு அவ்வாண்டிலேயே அம்பலமாகிப் பெரும் புயலைக் கிளப்பியது. பிள்ளைகளின் வளர்ச்சியை நம்பியவர் ஆசிரியர்களின் வளர்ச்சியை நம்பத் தயங்கினார் போலும்.)

அந்நூலின் பிற்பகுதி ஒரு கிராமப் பள்ளியைப் போற்றுகின்றது. சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த சொம்ப்ரிங் என்னும் சிற்றூர்ப் பாடசாலை அது. 1897 முதல் அங்குத் தலைமையாசிரியையாக இருந்தவர் ஹரியற் பின்லே ஜோன்சன். அவர் பிள்ளைகள் சரித்திரத்தை நாடகமாக ஆக்கினர். வேடங்களைத் தாமே பகிர்ந்து, வசனங்களைத் தாமே தேடி எழுதி, தாமே நடித்தனர். வயலிலும் வேலியோரத்திலும் திரிந்து செடியையும் பறவையையும் அறிந்தனர். நாடகத்துக்கு வேண்டிய செய்தியைத் தேடும் பிள்ளை வாசிக்காமல் இருக்க முடியுமா? வசனம் அமைப்பவன் எழுதாமல் இருக்க முடியுமா? எழுத்தும் வாசிப்பும் அங்கே தேவையின் வழியே வந்தன. அவ்வூர்ப் பிள்ளைகள் மற்றையோரினும் விசேட புத்தி படைத்தவரல்லர், எங்கும் காணும் நாட்டுப்புறச் சிறுவரே என்பதை ஹோம்ஸ் வற்புறுத்தினார்.

நூலில் அவர் ஊரின் பெயரையும் ஆசிரியையின் பெயரையும் மறைத்து, பாடசாலைக்கு ‘யூற்றோப்பியா’ என்றும் ஆசிரியைக்கு ‘எகீரியா’ என்றும் புனைபெயர் இட்டிருந்தார். வாசகர் அவ்விடத்தைத் தேடத் தொடங்கியபோது ஆசிரியை அங்கு இல்லை. 1910இல் திருமணம் செய்து, பதவியை விட்டு நீங்கியிருந்தார்.