செந்துறைச் சாலையில் ஒரு பழங்கடற்கரை

செந்துறை என்னும் ஊர்ப்பெயரில் துறை உண்டு. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கடல் இல்லை. இன்றைய வங்கக் கடற்கரை கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. எனினும் இவ்வட்டாரத்தின் ஓடைக்கரைகளிலும் சுரங்கச் சுவர்களிலும் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. இதனைக்கொண்டு ஊர்ப்பெயருக்கும் அப்பழங்கடலுக்கும் முடிச்சுப் போடுதல் பொருந்தாது. அக்கடல் விலகிய நாளில் பெயர் சூட்ட மாந்தர் தோன்றியிருக்கவில்லை. நம் இலக்கியம் பேசும் கடல்கோளும் வேறு. கோடி ஆண்டுக் கணக்கில் அமைந்த இக்கடலின் வரவும் செலவும் வேறு.

பெரம்பலூர்ப் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி அரியலூர் வழியே செந்துறைக்குச் செல்வோர், பழைய கரையிலிருந்து அடுத்தடுத்த காலப் படிவுகளின்மேல் நடப்பவராவர். மேற்கில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் இதனைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் வளர்ந்து, நீரால் அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த மரம் அது. அதனருகே காரையில் மழை அரித்த களிமண் மேடுகளில் சுருள்வடிவ அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. அப்பால் கருடமங்கலத்தின் சிப்பிப் பாறை மெருகேற்றப்பட்டுத் 'திருச்சிராப்பள்ளிப் பளிங்கு' எனப் பெயர் பெற்றது.

இப்புதையலை முதலில் உலகறியச் செய்தோர் கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர். அவர்கள் திரட்டியவற்றை எட்வர்டு ஃபோர்ப்சு 1846இல் ஆய்ந்து விளக்கினார். பின்னர் எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். நம் ஊர்ப்பெயர்கள் இவ்வாறு உலக நிலவியல் நூல்களில் ஏறின. மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்சுகா இவ்வுயிர்களைப் பெருந்தொகுதிகளாக விளக்கி எழுதி, 1874இல் லடாக்கில் தம் 36ஆம் அகவையில் மறைந்தார்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காய்ச் செறிந்துள்ளன. அதன் பின்னர்க் கடல் விலகியது, நிலம் தோன்றியது. அந்நிலத்தின் படிவுகளே கல்லமேட்டில் உள்ளன. அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளை 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் விவரித்து, 'பேருடலுடைய பல்லி' என்னும் பொருள்பட புருகத்காயோசாரசு எனப் பெயரிட்டனர். கடல் மீண்டும் வந்தது. செந்துறை வட்டத்து நின்னியூர்ப் பாறைகள் அம்மறுவரவின் சான்று. அவற்றில் அம்மோனைட்டு இல்லை, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவு அதற்குள் முடிந்துவிட்டது.

இதே பாறைதான் இம்மண்ணின் தொழில் வளமும் ஆயிற்று. 1939இல் டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை எழுந்தது. அப்பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரி 1953இல் நடந்த போராட்டம் தமிழக வரலாற்றில் இடம்பெற்றது. பின்னர் அரியலூரில் அரசு ஆலையும், செந்துறைப் பகுதியில் ஆலத்தியூர், தளவாய் ஆலைகளும் அமைந்தன. சூளையில் 1400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் பழங்கடலின் ஓடுகள் வெந்து சிமெண்டாகின்றன. நாம் வாழும் வீட்டுச் சுவர்களிலும் அக்கடல் இருக்கின்றது எனலாம்.

சுரங்கம் தோண்டியிராவிடின் இப்படிவுகளுள் பல வெளிப்பட்டிரா. ஆனால் வெளிப்படுத்தும் கையே அழிக்கவும் செய்கின்றது. கல்லமேட்டு எலும்புகளும் அகழ்ந்தபின் சிதைந்துபோயின. வரைபடங்களும் அளவுகளுமே எஞ்சின. மறுபுறம், 2020இல் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் எனப் பலரும் நம்பினர். அவை கடற்படிவுகளின் உருண்டைத் திரட்சிகளே என நிலவியலார் விளக்கினர். இழப்பும் மிகைக்கூற்றும் இரண்டுமே வரலாற்றுக்குக் கேடு.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்திருப்பது ஆறுதல் தருவது. எனினும் பெட்டியில் வைத்த சிப்பி தான் கிடந்த அடுக்கின் கதையைச் சொல்லாது. கைவிடப்படும் ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு சுவரையேனும் நீரால் மூடாமலும் மண்ணால் நிரப்பாமலும் விட்டுவைத்தல் வேண்டும். நெய்தலைப் பாடிய மொழி தன் உள்நாட்டு மண்ணில் கிடக்கும் இந்நெய்தலையும் அறிந்துகொள்ள அச்சுவர் போதும்.