டயரை நாமே மாட்டலாமா? திருவொற்றியூர் ரோடு சொல்லிக் கொடுத்த பாடம்

போன ஐப்பசியில ஒருநாள் விடியக்காலை. எக்ஸ்எல் வண்டியில முன்னாடி வெண்டைக்காய் மூட்டை, பின்னாடி வீட்டுக்காரி. மீஞ்சூர்ல இருந்து திருவொற்றியூர் போற ரோட்டுல மணலி புதுநகர் தாண்டினதும் பின் சக்கரம் பொசுக்குனு இறங்கிடுச்சு. வண்டி நெளிஞ்சு ஓரமாப் போய் நின்னதுக்குள்ள வீட்டுக்காரி தவறி விழுந்துட்டா. பின்னால வந்த கன்டெய்னர் லாரி பத்தடி தள்ளி பிரேக் போட்டு நின்னுச்சு. முட்டியில சிராய்ப்போட தப்பிச்சா.

வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய் ஒரு பஞ்சர் கடையில நிறுத்தினேன். கடைக்காரர் கேரளத்துக்காரர். டியூபை உருவித் தண்ணித் தொட்டியில அமுக்கினார். பக்கம் பக்கமா ரெண்டு கீறல், பாம்பு கடிச்ச மாதிரி. "ஆணி குத்தல அண்ணே, லீவர் கடிச்சிருக்கு. யார் மாட்டினது?"

நான்தான். முந்தின நாள் சாயங்காலம், கடைக்குக் கொடுக்கிற 150 ரூபாயை மிச்சம் பிடிக்க, வாசல்ல உட்கார்ந்து புது டயரை நானே மாட்டினேன். இருந்தது ஒரே லீவர். இன்னொன்னுக்குப் பதிலா ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு நெம்பினேன். பாதி கடிபட்ட டியூப் ராத்திரி பூரா காத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டு, பாரம் ஏறினதும் கிழிஞ்சிருக்கு.

டயர் மாத்துறது வீட்டு வேலையா, கடை வேலையா? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசு. கதையில ஒரு பாகம் நான் காய் கொண்டுபோய்ப் போடுற திருவொற்றியூர்லயே நடந்திருக்கு.

காத்து அடிக்கிற டயரை 1888ல ஜான் பாய்ட் டன்லப்னு ஒரு மாட்டு டாக்டர் பெல்பாஸ்ட்ல பதிவு பண்ணினார். மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காகச் செஞ்சது. ஆனா அந்தக் காலத்து டயரைச் சக்கரத்தோட பசை போட்டு ஒட்டிடுவாங்க. பிரான்ஸ்ல மிஷ்லின் சகோதரர்களோட பட்டறைக்கு 1889ல ஒருத்தர் பஞ்சரான சைக்கிளைக் கொண்டு வந்தாராம். கழட்டி ஒட்ட மூணு மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் ஓட்டிப் பார்த்தா மறுபடியும் காத்து இறங்கிடுச்சு. அதுல பட்ட பாட்டுலதான் 1891ல கழட்டி மாட்டுற டயரைக் கொண்டு வந்தாங்க. கால் மணி நேரத்துல ஆகிற வேலை. பஞ்சர் ஒட்டுறது பட்டறையை விட்டு வீட்டு வாசலுக்கு வந்தது அப்பத்தான்.

இனி நம்ம ஊர்க் கதை. 1946ல கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் பேக்டரி, இன்னிக்கு எம்.ஆர்.எப். பலூனுக்கு அப்புறம் அவங்க நேரா டயருக்குப் போயிடல. 1952ல ட்ரெட் ரப்பர், அதாவது தேய்ஞ்ச டயர் மேல ஒட்டிப் புதுசாக்குற ரப்பர் செஞ்சாங்க. அமெரிக்க மேன்ஸ்பீல்டு கம்பெனியோட கூட்டு வெச்சு டயர் வெளிய வந்தது 1961ல. இத்தனை பெரிய டயர் கம்பெனி முதல்ல பழைய டயருக்கு உயிர் கொடுத்துதான் வளர்ந்திருக்குன்னு நினைச்சா, பஞ்சர் கடையைப் பார்க்கிற பார்வையே மாறுது.

அதே திருவொற்றியூர்ல 1955ல என்பீல்டு இந்தியா வந்தது. மொதல்ல இங்கிலாந்துல இருந்து பாகம் பாகமா வந்ததை இங்க சேர்த்துப் பூட்டினாங்க. போகப் போக எல்லாம் இங்கேயே செஞ்சு புல்லட் ஓடுச்சு. கம்பிச் சக்கரம், உள்ளே டியூப்.

என் தாய்மாமா அந்தப் பக்கம் ஒரு பட்டறையில வேலை பார்த்தார். பழைய புல்லட் ஒண்ணு வெச்சிருந்தார். அவரோட டூல் பெட்டியில ரெண்டு டயர் லீவர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு ரப்பர் எப்பவும் இருக்கும். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்றவருக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? அதனால அவரே செய்வார். எனக்கும் கத்துக் கொடுத்தார்.

"மாப்ள, பலத்தைக் காட்டாதே. ரிம்முக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கு பாரு. எதிர்ப்பக்கத்து டயர் விளிம்பைக் காலால மிதிச்சு அந்தப் பள்ளத்துல இறக்கு. இந்தப் பக்கம் தானா தளர்ந்து குடுக்கும்."

வித்தையே இதுதான். மாட்டும்போது டியூபுக்குக் கொஞ்சமா காத்து அடிச்சு உருண்டையாக்கணும், அப்பத்தான் லீவர் அடியில மடிஞ்சு மாட்டாது. ஒரேயடியா நெம்பாம கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். வால்வு பக்கத்தைக் கடைசியில முடிக்கணும். பழைய முள்ளு இருக்கான்னு டயர் உள்பக்கம் முழுக்கத் தடவணும். ஸ்க்ரூ டிரைவர் கூடவே கூடாது. எல்லாம் தெரிஞ்சும் அன்னிக்கு அவசரத்துல கோட்டை விட்டேன்.

இப்ப வர்ற வண்டிகள்ல நிறைய அலாய் வீல், டியூப்லெஸ். கம்பிச் சக்கரத்துல கம்பி மாட்டுற ஓட்டை வழியா காத்து போயிடும், அதனால டியூப் வேணும். அலாய்ல ஓட்டை இல்லை. டயர் விளிம்பே ரிம்மை இறுக்கிப் பிடிச்சு காத்தைக் காக்குது. ஆணி குத்தினா வெளியில இருந்தே ஒரு ஸ்ட்ரிப்பைச் சொருகிடலாம், சக்கரத்தைக் கழட்ட வேணாம். ஆனா டயரையே மாத்தணும்னா அந்த இறுக்கமான விளிம்பை விடுவிக்கவும், திரும்ப உட்கார வைக்கவும் மிஷினும் கம்ப்ரஸரும் வேணும். பஞ்சர் வீட்டு வேலைக்குச் சுலபமாச்சு, டயர் மாத்துறது கடைக்கே போயிடுச்சு. பசை போட்டு ஒட்டின காலத்துல இருந்து பார்த்தா, டயர் சக்கரத்தை எப்படிப் பிடிச்சிருக்குங்கிறதுதான் யார் கழட்டணும்னு தீர்மானிச்சிருக்கு.

என் கணக்கைச் சொல்றேன். மிச்சம் பிடிச்சது 150 ரூபா. புது டியூப், கூலி, வாடிப்போய் பாதி விலைக்குப் போன வெண்டைக்காய், வீட்டுக்காரி முட்டிக்கு மருந்து எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. லாரி நிக்காம வந்திருந்தா கணக்குப் போட நானே இருந்திருக்க மாட்டேன்.

அதனால பட்டணத்து நண்பர்களே, பஞ்சர் ஒட்டக் கத்துக்கோங்க. கடை இல்லாத ரோட்டுல அது உங்களைக் கரை சேர்க்கும். எங்க கழனி வரப்புல கருவேல முள்ளு குத்தினா நான் இன்னும் நானேதான் ஒட்டுறேன். டயர் மாத்துறதுக்கு மட்டும், அதுவும் துறைமுகத்து லாரிங்களோட போட்டி போட்டு ஓட்டுற வண்டிக்கு, கடைக்காரருக்குக் கொடுத்துடுங்க. தினமும் பத்து டயர் கழட்டுற கைக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டுற கைக்கும் வித்தியாசம் இருக்கு.

இந்த மாசம் முன் டயரும் தேய்ஞ்சு வழுக்கையாயிடுச்சு. லீவர் இப்ப ரெண்டா வாங்கி வெச்சிருக்கேன். வீட்டுக்காரி பார்த்துட்டு, "கடையில மாட்டிட்டு வந்தா ஏர்றேன், இல்லாட்டி பஸ்ஸுல வர்றேன்"னு சொல்லிட்டா. நாளைக்குக் கடைக்குத்தான் போறேன்.