வியன்னாவிலிருந்து வந்த நிதி விண்ணப்பம்

1886-ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய ஏழாவது சர்வதேசக் கீழைத்தேயவியலாளர் மாநாடு, இந்திய மொழிகளையும் கிளைமொழிகளையும் முறையாக அளவாய்வு செய்யுமாறு இந்திய அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. ப்யூலர் முன்மொழிந்தார்; வேபர் வழிமொழிந்தார்; மாக்ஸ் முல்லர், மோனியர் வில்லியம்ஸ், செனார் முதலியோர் ஆதரித்தனர். மொழியியல் வரலாற்று நூல்கள் இத்தீர்மானத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதிலிருந்து பிறந்த பெருந்தொகுதிகளை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. ஆயினும் ஆராய்ச்சிக்கு நிதி கோரி விண்ணப்பம் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு வரியே போதுமான அளவு பேசும். ஒரு மாவட்ட அதிகாரி தன் அரசிடம் நேரடியாகக் கேட்டால் கோப்பில் உறங்கியிருக்கக்கூடிய கோரிக்கை, ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்களின் பெயர்களோடு, அரசின் எல்லைக்கு வெளியேயிருந்து வந்து சேர்ந்தது.

அந்த அதிகாரி ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன். 1873 முதல் வங்காள மாகாணத்தில், பெரும்பாலும் பீகார்ப் பகுதியில், பணியாற்றியவர். அவர் வியன்னாவுக்கு வெறுங்கையோடு செல்லவில்லை. பீகாரி மொழியின் கிளைமொழிகளுக்கான ஏழு இலக்கணங்கள் 1883 முதல் வெளிவரத் தொடங்கியிருந்தன. உழவர் வாழ்வின் சொற்களைத் தொகுத்த ‘பீகார் உழவர் வாழ்க்கை’ 1885-இல் வந்தது; ஹோர்ன்லேயுடன் இணைந்து தொகுத்த பீகாரி ஒப்பீட்டு அகராதியின் முதற்பகுதியும் அதே ஆண்டில் வந்தது. இலக்கணங்களையும் உழவர் நூலையும் அச்சிட்டது கல்கத்தாவின் வங்காள அரசுச் செயலக அச்சகம். இன்று ‘விதை நிதி’ என்று வழங்கப்படுவது அக்காலத்தில் இவ்வாறுதான் இருந்தது. அதற்கென்று படிவமோ கடைசித் தேதியோ கிடையாது. அச்சுச் செலவை அரசு ஏற்றது. உழைப்பை அதிகாரி தன் ஓய்வு நேரத்திலிருந்து கொடுத்தார். ஒரு பகுதியில் செய்து காட்டியதை நாடு முழுவதும் செய்யலாம் என்பதே வியன்னாக் கோரிக்கையின் அடிப்படை. முன்னோட்டத் தரவு இல்லாமல் பெரிய தொகை கேட்பவரை எந்தக் காலத்திலும் எவரும் நம்புவதில்லை.

அரசு கோரிக்கையை அனுதாபத்தோடு வரவேற்றது. பின்னர் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஒத்திவைத்தது. 1894-இல்தான் பணி தொடங்கியது. 1898-இல்தான் கிரியர்சன் அதன் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். தீர்மானத்துக்கும் நியமனத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். ஒப்புதல் கடிதம் வந்த பிறகும் முதல் தவணைக்குக் காத்திருப்போர் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

திட்டத்தின் முறையியலில் சிக்கனத்தின் கை நன்றாகத் தெரிகிறது. பயிற்சி பெற்ற களப்பணியாளர் படை எதுவும் அமர்த்தப்படவில்லை. ஏற்கெனவே சம்பளம் பெற்றுவந்த மாவட்ட அதிகாரிகளும் அவர்களின் கீழிருந்தோரும், சில இடங்களில் மிஷனரிகளும் தரவு திரட்டினர். ஒவ்வொரு கிளைமொழிக்கும் மூன்று மாதிரிகள் கேட்கப்பட்டன: பைபிளில் வரும் ஊதாரி மைந்தன் உவமையின் மொழிபெயர்ப்பு, உள்ளூர்க் கதை அல்லது வாக்குமூலம் போன்ற ஒரு பகுதி, 1866-இல் வங்காள ஆசியச் சங்கத்தில் உருவான பட்டியலை அடியொற்றிய சொற்களும் வாக்கியங்களும். உவமையைத் தேர்ந்ததற்கு இலக்கணக் காரணம் இருந்தது. மூவிடப் பெயர்களும், பெயர்ச்சொல்லின் பெரும்பாலான வேற்றுமை வடிவங்களும், வினையின் மூன்று காலங்களும் அச்சிறு கதைக்குள் வந்துவிடுகின்றன. இந்தியர் மனம் நோகாதபடி சிற்சில சொற்கள் மாற்றப்பட்டன. ஒப்பீட்டுக்கு இதைவிடச் செலவு குறைந்த கருவி கிடைப்பது அரிது.

ஆனால் விலை வேறிடத்தில் கொடுக்கப்பட்டது. மொழிபெயர்க்கப்பட்ட வாக்கியம் மூலத்தின் தொடரமைப்பைத் தன்னுடன் இழுத்து வரும். எழுதத் தெரிந்தவரிடம் கேட்டால் எழுத்து வழக்கு ஓரளவேனும் உள்ளே நுழையும். பெண்களின் பேச்சும் நிலமற்ற உழைப்பாளிகளின் பேச்சும் அலுவலக மேசைக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. தொடரியல் ஆய்வுக்காக இத்தொகுதிகளைத் திறப்பவர்கள் உவமையை விட்டு இரண்டாம் மாதிரிக்குச் செல்வது நல்லது. மொழி உயிரோடு பேசுவது பெரும்பாலும் அங்கேதான்.

பெயர்களே முதற்சிக்கலாக வந்தன. தான் பேசும் மொழியின் பெயரைச் சொல்லுமாறு கேட்டபோது பலருக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பது மைல் தொலைவில் இருப்பவரின் பேச்சுக்குப் பெயர் சொல்ல மட்டும் தெரிந்திருந்தது. தான் இதுவரை பேசியது உரைநடை என்று அறியாத மோலியேர் நாடகப் பாத்திரத்தோடு கிரியர்சன் இதனை ஒப்பிட்டார். மாவட்டங்களிலிருந்து முதலில் வந்த பட்டியல்களில் 231 மொழிகளும் 774 கிளைமொழிகளும் இருந்தன. ஒன்றே பல பெயர்களில் வந்ததைக் கழித்துச் சீர்செய்த பிறகு 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் எஞ்சின. மொழி எது, கிளைமொழி எது என்ற முடிவுகளில் பல இன்றுவரை வழக்காடப்படுகின்றன. பீகாரி என்ற ஒரே பெயரின் கீழ் மைதிலி, மகஹி, போஜ்புரி மூன்றையும் வைத்தது அவற்றுள் ஒன்று. அந்தப் பெயர் முன்னோட்ட ஆய்விலேயே உறுதிப்பட்டுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். விதையில் இருந்த வகைப்பாடு மரத்திலும் இருந்தது.

எல்லையைக் குறுக்கியதே மிகப் பெரிய இழப்பு. சென்னை மாகாணம், பர்மா, ஐதராபாத், மைசூர் ஆகியவை ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. சுமார் 22 கோடி மக்களின் பேச்சை அளந்த ஒரு பணி, திராவிட மொழிகளின் தாயகத்தில் பெரும்பகுதியைத் தொடாமலே ‘இந்திய மொழி அளவாய்வு’ என்ற பெயரைப் பெற்றது. 1906-இல் வெளிவந்த நான்காம் தொகுதி முண்டா, திராவிட மொழிகளுக்குரியது. அதனை உருவாக்கியவர் நார்வே நாட்டு அறிஞர் ஸ்டென் கோனோ. வியன்னாத் தீர்மானத்தின் பன்னாட்டுத் தன்மை வெறும் கையொப்பங்களோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அவரே சான்று. மராத்தித் தொகுதியும் திபெத்திய-பர்மியப் பகுதிகள் பலவும் அவர் உழைப்பில் உருவானவை.

1899-இல் இங்கிலாந்து திரும்பிய கிரியர்சன், கேம்பர்லியில் இருந்தபடி எஞ்சிய பணியை முடித்தார். 1928-இல் பதினோரு தொகுதிகளும் நிறைவெய்தியபோது அவருக்கு வயது எழுபத்தேழு. அதிகாரிகளின் எழுத்து காட்டத் தவறிய ஒலிப்பைப் பிடிக்க, பிற்காலத்தில் கிராமஃபோன் இசைத்தட்டுகளிலும் மாதிரிகள் பதிவாயின. எழுத்து மாதிரிகளுக்கு வெளியே நின்ற சென்னை மாகாணம் இம்முறை உள்ளே வந்தது. அதே ஊதாரி மைந்தன் கதையைத் தமிழ்க் குரலில் இன்றும் இணையத்தில் கேட்கலாம்.

அச்சிட்ட நான்காம் தொகுதியில் தமிழுக்கு உரிய பக்கங்களைப் புரட்டினால், தஞ்சையோ மதுரையோ திருநெல்வேலியோ எப்படிப் பேசின என்பதற்கு விடை கிடைக்காது. தமிழின் கிளைமொழிகளாக அங்கே நிற்பவை கொரவர் பேச்சு, இருளர் பேச்சு, தக்காணத்தில் கூடை முடைந்து அலைந்த கைக்காடிகளின் பேச்சு, மத்திய இந்தியாவின் புர்கண்டி ஆகியன.