பீலிக்கரையும் பிரதேச சபையும்: பூண்டுலோயாப் பெருந்தோட்டங்களின் நீர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

பூண்டுலோயா என்பது ஓர் ஊரின் பெயராவதற்கு முன்னர் ஓர் ஆற்றின் பெயராகும். சிங்கள மொழியில் 'ஓயா' என்னும் சொல் சிற்றாற்றைக் குறிப்பது. நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலைப் பகுதியிலே தேயிலை மலைகளினூடாக இறங்கிவரும் இந்த ஆற்றின் நீர் ஈற்றில் மகாவலியைச் சென்றடைகின்றது. இத்தகைய ஊரிலே, ஆற்றின் ஊற்றுக்கண்கள் அமைந்த மலைகளில் வாழும் தொழிலாளர் தூய குடிநீருக்குத் தலைமுறை தலைமுறையாக அல்லற்பட்டு வந்துள்ளமை விசித்திரமாகத் தோன்றலாம். இந்நிலை இயற்கையினால் விளைந்ததன்று. மழை வளத்துக்கு இங்கு ஒருகாலும் குறைவிருந்ததில்லை. இது வரலாற்றினால் விளைந்தது. எனவே வரலாற்றின் துணைகொண்டே இதனை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

உள்ளூராட்சி மன்றங்கள் நீரை எவ்வாறு பாதுகாக்கலாம், அதன் தரத்தை எவ்வாறு உயர்த்தலாம் என்ற வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகின்றது. பெரும்பாலும் அது தொழில்நுட்ப வினாவாகவே கருதப்படுகின்றது. மலையகத்தைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கு முன்னர் வேறொரு வினா எழுகின்றது: தோட்ட எல்லைக்குள் ஓடும் நீர் எந்த ஆட்சிக்கு உட்பட்டது? இவ்விரண்டாம் வினாவுக்கு விடை காணாது முதலாவதற்கு விடை காண இயலாது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

2

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. கோப்பிப் பயிர்ச்செய்கைக்காக மலைச்சரிவுகளின் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காடழிப்பின் விளைவுகளைக் குடியேற்றநாட்டு ஆட்சியாளர் அறியாதிருந்தனர் எனக் கூறமுடியாது. கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராயிருந்த ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து, 1873இல் 5000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது தடைசெய்யப்பட்டது. ஆனால் அக்கோட்டுக்குக் கீழே காடழிப்பு தொடர்ந்தது. ஊற்றுக்களைக் காத்துநின்ற மரங்கள் மறைந்தன. கனமழையில் மேல்மண் ஆற்றொடு சென்றது. மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931இலும், மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலுமே வெளிவந்தன. தோட்டங்களில் மண்ணைத் தடுத்து நிறுத்தியவை தொழிலாளர் சரிவுகளுக்குக் குறுக்கே வெட்டிய கான்களேயாம். ஆயின் மண்ணுக்குக் கான் வெட்டிய அதே மக்களின் குடிநீருக்கு அத்தகைய திட்டமிடல் எதுவும் இருக்கவில்லை.

பூண்டுலோயாவின் வரலாற்றிலேயே இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்குள்ள ஈட்டன் தோட்டத்தில் வாழ்ந்தவர் எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்னும் பூச்சியியலாளர். பயிர்களைப் பீடிக்கும் செதிற்பூச்சிகள் பற்றி 1896 முதல் அவர் பல பகுதிகளாக வெளியிட்ட நூல் அத்துறையில் இன்றும் மதிக்கப்படுவது. பூண்டுலோயாவிற் சேகரிக்கப்பட்ட பூச்சியினங்கள் பல இதன்வழி உலக அறிவியலுக்கு அறிமுகமாயின. கிரீனின் உழைப்பைக் குறைத்துக் கூறுதல் எமது நோக்கமன்று. ஆனால் தேயிலைச் செடியைத் தாக்கும் பூச்சி நுணுக்கமாக ஆராயப்பட்ட ஒரு பொருளாதார அமைப்பில், அச்செடியைப் பேணிய மனிதர் பருகிய நீர் ஆராய்ச்சிப் பொருளாகவில்லை. இலாபத்தைப் பாதிப்பது எதுவோ அதுவே அறிவியலின் கவனத்தைப் பெற்றது. தொழிலாளரின் நோய் உற்பத்தியைப் பாதித்தபோது மட்டும் நிலைமை சிறிது மாறியது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், 1916இல் றொக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும், அவ்வியக்கத்தின் வற்புறுத்தலாற் கட்டப்பட்ட மலசலகூடங்களும் இவ்வாறு வந்தவையே.

3

இனி ஆட்சியமைப்பை நோக்குவோம். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் நெல்வயல்களின் நீர்ப் பங்கீடு பற்றிய மரபு வழக்காறுகளுக்குச் சட்டத் தகுதி அளித்தது. 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் கிராமச் சங்கங்களுக்குப் புத்துயிரூட்டியது. 1892இற் சிறு நகரங்களின் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டமொன்று ஆக்கப்பட்டது. இவற்றின் பயனாகக் கிராமத்துக்கு ஓர் அமைப்பும், கடைவீதிக்கு ஓர் அமைப்பும் உருவாயின. தோட்டம் இவ்விரண்டிற்கும் புறத்தே நின்றது. அங்கே துரையே ஆட்சி, துரையே சுகாதாரம், துரையே நீதி.

இப்பிரிவினை ஆற்றின் போக்குக்கு முற்றிலும் மாறானது. மேலே தோட்டத்து ஊற்றிற் பிறக்கும் நீர் லயங்களைக் கடந்து, கடைவீதியைக் கடந்து, கீழேயுள்ள கிராமத்து வயலை அடைகின்றது. ஒரே நீர் மூன்று சட்டங்களின் நிலப்பரப்புக்களைக் கடக்கின்றது. மேலே நேரும் மாசினைக் கீழேயுள்ளோர் அனுபவிக்கின்றனர். ஆயினும் அவர்களது சபைக்கு மேலே அதிகாரம் இல்லை. மேலேயுள்ளோருக்கோ சபையே இல்லை.

1930களில் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அச்சங்கங்களில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. இன அடிப்படையிலான அவ்விலக்கு எதிர்ப்புக்குள்ளானதும், தோட்டங்களில் வதியும் தொழிலாளர் அனைவரையும் விலக்கும் வகையில் வாசகம் மாற்றப்பட்டது. இனத்தின் பெயரால் தொடங்கிய விலக்கு வர்க்கத்தின் பெயரால் முடிவுற்றமை ஊன்றி நோக்கற்பாலது. இதன் அடுத்த படியே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமாகும். பூண்டுலோயாவை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர் அவர். 1952இல் அடுத்த பொதுத்தேர்தல் நடைபெற்றபோது, அவரைத் தெரிவுசெய்த மக்களிற் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலேயே இருக்கவில்லை. அவரை மலையக இலக்கியத்தின் முன்னோடியாக நாம் போற்றுகின்றோம். அவரது எழுத்துக்களிற் காணப்படும் மக்கள் தம் குடியிருப்பின் தண்ணீர் பற்றிக் கேட்பதற்கு ஒரு கிராமச் சங்கத்தின் வாசலேனும் அற்றவர்கள் என்பதையும் சேர்த்து நோக்கும்போதே அவ்வெழுத்துக்களின் சமூக அடித்தளம் தெளிவாகும்.

4

பீலி என்பது மலையக வழக்கு. மலைச்சரிவில் ஊறும் நீரை மூங்கிற் குழாயாலோ தகரத்தாலோ இறக்கி விழச்செய்யும் இடம் அது. பீலிக்கரை குளிக்கும் இடம், துணி துவைக்கும் இடம், குடிநீர் எடுக்கும் இடம், பெண்கள் கூடிப் பேசும் இடம். அதிகாலையிற் பிரட்டுக்குச் செல்லுமுன்னரும், மாலையிற் கொழுந்து நிறுத்தபின்னரும் குடம் சுமந்தவர் பெரும்பாலும் பெண்களே. இவ்வுழைப்புக்குக் கூலிக் கணக்கில் இடமில்லை. மலையிற் கொழுந்து பறிக்கும் உழைப்பு மறுநாளும் கிடைப்பதற்கு வேண்டிய இந்த உழைப்பைத் தோட்ட நிருவாகம் இலவசமாகவே பெற்றுக்கொண்டது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. முதலாளி மாறினார், ஆட்சிமுறை மாறவில்லை. 1974ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை உருவானபோதும் தோட்டத்து நீர் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே எஞ்சியது. 1992இல் அரசு நிலவுடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு முகாமைத்துவத்தைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. இதே காலப்பகுதியில் இவ்வட்டாரத்தின் நீர் நாட்டின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாததாயிற்று. 1985இற் கொத்மலை நீர்த்தேக்கமும், 2012இல் 150 மெகாவாற் வலுக்கொண்ட மேல் கொத்மலைத் திட்டமும் செயற்படத் தொடங்கின. பெருந்திட்டங்களுக்கு நீரை அளந்து கணக்கிட்ட அரசு, லயத்துப் பீலியில் விழும் நீரை அளக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உள்ளூராட்சியை மறுசீரமைத்தது. 1991 முதல், பிரசாவுரிமை பெற்ற தோட்டத் தொழிலாளரும் இச்சபைகளுக்கு வாக்களித்தனர். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, கிராமத்துக்குச் செலவிடுவதுபோலத் தோட்டக் குடியிருப்புக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. பயிர்ச்செய்கை நிலங்கள்மீது ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் சபைகளுக்கு வழங்கியிருந்தது. அதாவது தோட்டத்து நிலம் வரிக்கு உள்ளே இருந்தது. தோட்டத்து மக்கள் சேவைக்கு வெளியே இருந்தனர். தொழிலாளரின் வாக்குகளாலே தெரிவான உறுப்பினர்கள், தம்மைத் தெரிவுசெய்தோரின் பீலிக்கு ஒரு மூட்டைச் சீமெந்து வழங்கவும் சட்டத்தின் வாயிலில் தயங்கி நிற்கவேண்டியிருந்தது. நீண்ட கோரிக்கைகளின் பின்னர் 2018இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளிலும் சபைகள் பணியாற்ற வழி திறக்கப்பட்டது.

5

வழி திறக்கப்பட்டபின் செய்யக்கூடியவை யாவை? முதலாவது, ஊற்றுக்களைப் பதிவுசெய்தல். ஒவ்வொரு பீலிக்கும் மேலேயுள்ள நீரூற்றுப் பரப்பை வரைபடத்திற் குறித்து, அங்கே களைநாசினி தெளித்தலையும், மலக்குழி வெட்டுதலையும், கால்நடை கட்டுதலையும் துணைவிதி வாயிலாகத் தடைசெய்யலாம். கிளைபோசேற் என்னும் களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டுத் தேயிலைக்கும் இறப்பருக்குமென 2018இல் மீள அனுமதிக்கப்பட்டமை, இத்தகைய முடிவுகளை மேலிடத்துக்கே விட்டுவிட இயலாது என்பதைக் காட்டுகின்றது. ஊற்றைச் சூழ, நீரை மிகுதியாக உறிஞ்சும் யூக்கலிப்ட்டசு மரங்களுக்குப் பதிலாகச் சுதேச மரங்களை நடுதல் இதன் மறுபக்கமாகும்.

இரண்டாவது, தரத்தை அளத்தல். குடிநீரின் 100 மில்லிலீற்றரில் மலக்கழிவைக் காட்டும் 'ஈ. கோலை' நுண்ணுயிர் ஒன்றேனும் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தெளிந்த நீரில் உரிய அளவு குளோரின் இட்டு அரைமணி நேரம் விட்டபின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருப்பின் நுண்ணுயிர்களிற் பெரும்பாலானவை அழிந்துவிடும். மழைக்காலத்திற் கலங்கிவரும் நீருக்கு முதலில் வடிகட்டல் வேண்டும். இவை பெருஞ்செலவு வேண்டாதவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுக்கும் சோதனை முடிவுகளைப் பிரட்டுக்களத்திலே தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவைத்தல், மக்கள் தாமே கண்காணிக்க வழிசெய்யும்.

மூன்றாவது, வீண்விரயத்தைத் தடுத்தல். இரவு முழுதும் வழிந்தோடும் பீலிக்கு ஒரு தொட்டியும் மூடு குழாயும் அமைத்தால், மாசி, பங்குனி வறட்சியிலும் நீர் கிடைக்கும். நான்காவது, கடைவீதிக் குப்பையை ஆற்றங்கரையிற் கொட்டாது தடுத்தல். இதற்குச் சபைக்கு என்றுமே அதிகாரம் இருந்தது. எனவே இதிற் காட்டப்படும் அசட்டைக்குச் சட்டத்தைக் காரணங்காட்ட முடியாது.

இவை எட்டாக் கனவுகளல்ல. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்து ஒளவண்ணப் பஞ்சாயத்தில், மக்கள் தாமே குழு அமைத்துச் சிறு குடிநீர்த் திட்டங்களை 1990களிலிருந்து நடத்தி வந்துள்ளனர். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் கேரளத்தின் உள்ளூராட்சிக்கு நிதியையும் அதிகாரத்தையும் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பர்மிங்ஹாம் நகரிலே, 1870களில் ஜோசப் சேம்பர்லின் நகரபிதாவாக இருந்தபோது தனியார் நீர்க் கம்பெனி நகரசபையின் உடைமையாக்கப்பட்டது. சேம்பர்லின் பொதுவுடைமைவாதியல்லர், தொழிலதிபர். குடிநீரை இலாபத்தின் பொருளாக விட்டுவைத்தால் நகரமே நோயுறும் என்பதை அங்குள்ள முதலாளி வர்க்கமே உணர்ந்திருந்தது. அதே காலத்தில் அதே பேரரசின் இலங்கைத் தோட்டங்களில் அவ்வுணர்வு எழவில்லை. இங்கு நோயுற்றவர் இடத்துக்கு வேறொருவரைக் கடல்கடந்து கொணர முடிந்தமையே அதற்குக் காரணம்.

6

2018ஆம் ஆண்டுத் திருத்தத்தை மிகைப்படுத்தி மதிப்பிடுதல் தவறாகும். அது சபைக்கு அனுமதி அளித்தது. ஊற்று அமைந்த நிலத்தை மக்களுக்கு அளிக்கவில்லை. நிலம் கம்பெனியின் முகாமைத்துவத்திலேயே இருக்கின்றது. மேலும், 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிவுற்றபின் 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் தெரிந்தெடுத்த சபைகளே இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மலையகம் கண்ட வெள்ளமும் மண்சரிவுகளும், சரிவுகளின் பாதுகாப்பும் நீரின் பாதுகாப்பும் ஒன்றே என்பதை மீண்டும் உணர்த்தின.

தொழிற்சங்கங்கள் பற்றியும் ஒரு கருத்தைக் கூறுதல் தகும். நாட்சம்பளப் போராட்டம் இன்றியமையாதது. ஆயின் தண்ணீரைத் துரையிடமோ அமைச்சரிடமோ கேட்டுப் பெறும் சலுகையாகக் கருதும் மனப்பாங்கு இன்னும் நீங்கவில்லை. ஒரு குழாய் பொருத்தப்பட்டதும் அதன்மீது தலைவர் ஒருவரின் பெயர் பொறிக்கப்படுகின்றது. ஆட்சி மாறியபின் உடைந்த குழாயைத் திருத்த எவருமில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒதுக்கீடும், பெண்கள் பெரும்பான்மையினராக அமைந்த நீர்க்குழுவும், அக்குழுவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் இருந்தாலன்றி இந்நிலை மாறாது.

பூண்டுலோயாவின் கீழ்ப்புறத்துச் சிங்கள விவசாயியும் மேற்புறத்துத் தமிழ்த் தொழிலாளியும் பருகுவது ஒரே மலையின் நீரை. நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டம் அவர்களைத் தனித்தனி எல்லைகளுக்குள் நிறுத்திவைத்தது. ஒரே சபையின் கீழ், ஒரே ஆற்றுப் படுகையின் மக்களாக அவர்கள் கூடித் திட்டமிடும் வாய்ப்பு இப்போதுதான் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதனை நடைமுறையாக்குவது அவ்விரு சாராரின் கூட்டு முயற்சியிலேயே தங்கியுள்ளது என்பது எமது துணிபு.