திருமண நாளும் திருக்கோவில் இசையும்



பொன்விழா மலருக்கென நம் கோவிலின் திருமணப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். மணமக்கள், பெற்றோர், சாட்சிகள், குருவின் கையொப்பம் என எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. அன்று என்ன பாடினார்கள் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் ஓலை கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பாட்டைப் பற்றித்தான். "சாமி, பெண் உள்ளே வரும்போது அந்த மார்ச் வாசிக்கலாமா? அதுதானே கோவில் வழக்கம்?" என்பார்கள். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது எனச் சற்று ஆராய்வோம்.

பெரும்பாலும் வாசிக்கப்படும் மார்ச்சுகள் இரண்டு. மணமகள் வரும்போது வாசிப்பது, ஜெர்மானிய இசைஞர் வாக்னரின் 'லோகன்கிரின்' என்னும் இசை நாடகத்தில் உள்ளது. 1850 ஆகஸ்டு 28-ல் வைமார் நகர அரங்கில் அது முதலில் நடிக்கப்பட்டது. நாடகத்தில் இப்பாட்டு கோவிலுக்குச் செல்லும்போது பாடப்படுவதன்று. மணம் முடிந்தபின் மணமக்களைப் பள்ளியறைக்கு அழைத்துச் செல்கையில் பாடப்படுவது. பாட்டு ஓய்ந்த சிறிது நேரத்தில், கேட்கலாகாது என்று கணவன் தடுத்திருந்த கேள்வியை மனைவி கேட்டுவிடுகிறாள், இருவரும் பிரிந்துபோகிறார்கள்!

மணமக்கள் வெளியே வரும்போது வாசிப்பது, ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு' நாடகத்துக்காக மெண்டல்சோன் 1842-ல் இயற்றியது. 1858 ஜனவரி 25-ல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் பிரஷ்ய இளவரசரை மணந்தபோது அது வாசிக்கப்பட்டது. அதன்பின் எங்கும் பரவிற்று. ஆக, தொன்றுதொட்டு வந்த கத்தோலிக்க வழக்கம் என நாம் எண்ணுவது, நாடக மேடையில் பிறந்து அரண்மனை வழியாக வந்ததாகும். இசை என்ற அளவில் இரண்டும் சிறந்தவையே. ஆனால் அவை திருச்சபையின் கட்டளையும் அல்ல, செபமும் அல்ல.

அப்படியானால் திருச்சபை எதைப் பாடிற்று? பழைய இலத்தீன் திருமணத் திருப்பலியின் வருகைப் பாடல் தோபியாஸ் ஆகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. மணமக்களை இறைவனே இணைக்க வேண்டுமென மன்றாடுவது. பின்னர் வந்த சங்கீதம், இன்றைய எண்ணிக்கையில் 128-வது, இல்லாளைக் கனி தரும் திராட்சைக் கொடிக்கு ஒப்பிடுவது. இரண்டும் வேதாகமத்தின் செபங்களே.

இசைக்குப் பாதுகாவலியான அர்ச். செசிலியம்மாளின் வரலாறும் ஒரு கலியாண நாளைச் சார்ந்ததே. அவர் வலேரியனை மணந்த நாளில், சுற்றிலும் வாத்தியங்கள் முழங்க, அவரோ தம் உள்ளத்தில் ஆண்டவருக்கு மட்டும் பாடிக்கொண்டிருந்தாராம். அவர் திருநாளாகிய நவம்பர் 22-ல்தான், 1903-ம் ஆண்டு, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றிய தம் கட்டளையை வெளியிட்டார். நாடக மேடைப் பாணி கோவிலுக்கு ஆகாது என்றார். பியானோவையும், கொட்டு, கைத்தாளம் போன்ற கருவிகளையும் விலக்கினார்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4-ல், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கதவை அகலத் திறந்தது. அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றது (119). ஆயர்களின் இசைவோடு, திருவழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளும் வரலாம் என்றது (120). பாடலின் சொற்கள் முதன்மையாக வேதாகமத்திலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் வரவேண்டும் என்றது (121). 1969 மார்ச் 19-ல், அர்ச். சூசையப்பர் திருநாளன்று, புதிய திருமணச் சடங்குமுறையும் வெளிவந்தது. இன்று மிருதங்கமும் புல்லாங்குழலும் ஆர்மோனியத்தோடு சேர்ந்து நம் பீடத்தருகே ஒலிப்பது இச்சங்கத்தின் கொடை.

ஆனால் கருவி எதுவாயினும், அது மறைக்கக் கூடாத ஒரு குரல் உண்டு. 1563-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், பங்குக் குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டுமென விதித்தது. ஒளிவுமறைவான மணங்களால் பெண்கள் கைவிடப்பட்ட காலம் அது. மணமக்களின் சம்மதமே திருமணம். அதைக் கேட்கவே சாட்சிகள்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நடத்திவைத்த திருமணம் ஒன்றில், வெளியூரிலிருந்து கூலிக்கு வந்த இசைக்குழு, சம்மதம் கேட்கும் நேரத்திலும் கீபோர்டை நிறுத்தவில்லை. பூசை முடிந்ததும் மணமகளின் பாட்டி சக்ரீஸ்துக்கு வந்து, "சாமி, எம் பேத்தி சம்மதம்னு சொன்னாளா? என் காதுல விழவே இல்லியே" என்று கண்கலங்கினார். நமக்கு நா எழவில்லை. வாசித்தவர்களைவிட, முன்னதாகப் பேசி வைக்காத நம்முடைய குறையே பெரிது.

எனவே மணமக்களுக்கும் பெற்றோருக்கும் நம் வேண்டுகோள் இதுவே. முதல் ஓலை வாசிக்கும் வாரத்திலேயே பாடல்களோடு நம்மிடம் வாருங்கள். கூடியிருப்போரும் சேர்ந்து பாடக்கூடியவற்றைத் தேர்ந்தெடுங்கள். நாதசுரமும் மேளமும் கோவில் வாசல்வரை மகிழ்ச்சியோடு முழங்கட்டும்; சினிமா மெட்டு மண்டபத்து விருந்துக்கு இருக்கட்டும். கடன் வாங்கி வெளியூர்க் குழுவை அழைக்க வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் நம்மோடு பாடும் நம் பாடற்குழுப் பிள்ளைகள் மனமுவந்து பாடுவார்கள். சம்மதம் சொல்லும்போதும் தாலி கட்டும்போதும் எல்லாக் கருவிகளும் ஓயட்டும். கடைசி வாங்கில் இருக்கும் பாட்டியின் காதிலும் அந்தச் சொல் விழட்டும்.

இந்தப் பொன்விழா ஆண்டில் இல்லறம் ஏற்கும் மணமக்கள் அனைவரையும், கானாவூர்க் கலியாணத்துக்கு எழுந்தருளிய ஆண்டவர் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!