கடல் கொண்ட பாவை

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று, ஏரிக்கு வரும் பறவைகளைப் பார்க்க. மற்றொன்று, டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்க. நான் இரண்டாவது காரியத்துக்காகப் போனேன். திரும்பும்போது என் சட்டைப் பையில் ஒரு பொம்மை இருந்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். சரித்திரம் எழுத வந்தவன் பொம்மைக் கதை சொல்கிறானே என்று வாசகர் கோபிக்க வேண்டாம். பொம்மைக்கும் சரித்திரம் உண்டு. பழவேற்காட்டுக் கோட்டையின் சரித்திரத்தைவிட அது நீளமானது.

கோட்டை எழுந்தது 1613-ஆம் ஆண்டில். கெல்டிரியா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக அது விளங்கியது. இந்தக் கரையில் நெய்த துணி கிழக்குத் தீவுகளுக்குக் கப்பலேறிப் போய், அங்கே மிளகாகவும் கிராம்பாகவும் மாறியது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக் கூடுகள் காவல் நிற்கின்றன. செத்தவர்களைப் பத்திரப்படுத்துவதில் மனிதனுக்கு எவ்வளவு சிரத்தை!

அங்கிருந்து வெயிலில் நடந்து வந்து, தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். வீட்டுக்கார அம்மாள் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். ஏரியில் மீன் குறைகிற நாட்களில் இங்கே பல வீடுகளில் அடுப்பெரிவதற்கு இந்த ஓலை வேலையும் ஒரு காரணம். பக்கத்தில் அவளுடைய பேத்தி. பள்ளிக்கூடத்தில் செய்த ஒரு பொம்மையை வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சு சுற்றிய சிவப்புக் கம்பியால் கை, பச்சைக் கம்பியால் கால். கையை மடக்கினால் மடங்கியபடியே நிற்கிறது. காலை நீட்டினால் நீட்டியபடியே நிற்கிறது.

அந்தக் கம்பியின் கதை வேடிக்கையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தில், புகைக்குழாயைச் சுத்தம் செய்வதற்காக அதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு மெல்லிய கம்பிகளை முறுக்கி, முறுக்குக்கு நடுவே பஞ்சு இழையைச் சிக்கவைத்தால் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடுகிறது. ‘பைப் கிளீனர்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். பிறகு குழாய் பிடிக்கும் வழக்கம் குறைந்தது. கம்பி குழந்தைகளின் கைக்கு வந்தது. ஒன்றை மடித்துத் தலையும் உடலும், மற்றொன்றைக் குறுக்கே முறுக்கிக் கைகள். அவ்வளவுதான், மனிதன் தயார்.

பாட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நம்ம ஓலையிலே ஆகாததா?” என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த குருத்தோலையில் ஒரு கீற்றை உருவினாள். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, சன்னமாகக் கிழித்து, மறுபடி ஈரம் காட்டினால்தான் சொன்னபடி வளையும். இரண்டு மடிப்பில் தலை வந்தது. ஒரு முறுக்கில் கை வந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

“ரொம்ப நாள் இருக்குமா, அம்மா?” என்று கேட்டேன்.

“கம்பி துருப்பிடிச்சா ஒடியும், ஐயா. ஓலை காய்ஞ்சா ஒடியும். பிள்ளை விளையாடுற வரைக்கும் இருந்தாப் போதாதா?”

எனக்கு ஐங்குறுநூறு ஞாபகம் வந்தது. அதில் நெய்தல் நூறைப் பாடியவர் அம்மூவனார். கடற்கரைப் பெண் ஒருத்தி மணலில் பாவை செய்கிறாள். அலை வந்து அதைக் கொண்டுபோய்விடுகிறது. அவளுக்குக் கோபம் வருகிறது. நுண்மணலை வாரி வாரி வீசிக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள்! அதே நூற்றில் கோரைப் புல்லால் செய்த பாவையும் வருகிறது. அதைப் பைஞ்சாய்ப் பாவை என்பார்கள். அந்தக் கரை பழவேற்காட்டுக் கரை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கையில் கிடைத்த வளைகிற பொருளைக் கிள்ளி எடுத்து மனித உருவம் செய்கிற விரல் ஒன்றுதான். அன்று கோரை, இன்று ஓலை, பேத்திக்குக் கம்பி.

சுட்ட மண் பொம்மை பூமியில் புதைந்து கிடந்து, தோண்டுகிறவர் கையில் அகப்படுகிறது. கோரைப் பாவை ஒன்றாவது அப்படி மிஞ்சுமா? அது இருந்தது என்பதற்குப் பாட்டுத்தான் சாட்சி. அந்தப் பாட்டைக் காப்பாற்றியது எது? பனையோலை! ஏடு ஏடாகப் பிரதி செய்து காத்து வந்ததை 1903-இல் உ. வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தார். புல்லின் கதையை ஓலை சொல்லிற்று. ஓலையின் கதையை யார் சொல்வது?

“பேத்திக்கு முடையத் தெரியுமா?” என்று கேட்டேன்.

பாட்டி சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு விரல்களை விரித்துக் காட்டினாள். ஓலை அறுத்த தழும்புகள் நுனி நுனியாக இருந்தன. “அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கல, ஐயா. நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்தாலும் கையிலே என்ன நிக்குது? அவ படிக்கட்டும். இது என்னோட போகட்டும்” என்றாள்.

கலை அழிகிறதே என்று கண்ணீர் விடுவது என்னைப் போன்றவர்களுக்கு எளிது. விரல் அறுபடுவது நமக்கல்ல. அவள் சொன்னதை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். பொம்மைக்கு அவள் காசு வாங்க மறுத்துவிட்டாள். பெட்டிதான் வியாபாரமாம், பொம்மை விளையாட்டாம்.

இதை எழுதும்போது அந்தப் பாவை என் மேஜைமேல் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தபோது ஒரு கை ஒடிந்துவிட்டது. தண்ணீர் தெளித்து ஒட்டப் பார்த்தேன், ஒட்டவில்லை. கடலைத் தூர்க்க மணல் வீசியவளும் இப்படித்தான் நின்றிருப்பாள்.