007 மெட்டும் பண்ணைப்புரத்து மெட்டும்

பாண்ட் படம் பார்க்கிற நாலு பேர் தேனிப் பக்கம் ஒரு டீக்கடையில் ஒண்ணா நின்றால், பத்தே நிமிஷத்தில் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒண்ணு வில்லன் கட்சி, இன்னொண்ணு மியூசிக் கட்சி. கோல்ட்ஃபிங்கரும், பூனையைத் தடவிக்கொண்டே ஆளைக் காலி பண்ணச் சொல்லும் ப்ளோஃபெல்டும் இல்லாமல் பாண்ட் ஏதுய்யா என்பது முதல் கட்சி. அந்த கிடார் மெட்டை எடுத்துவிட்டால் பாண்ட் வெறும் கோட்டு போட்ட ஆசாமி என்பது ரெண்டாவது. அடியேன் ரெண்டாவது கட்சியில் ஆயுள் மெம்பர். கட்சிக்காரன் என்ற முறையில் கொஞ்சம் சரித்திரம் எடுத்து விடுகிறேன், பொறுத்தருள்க.

1962-ல் 'டாக்டர் நோ'. 2021-ல் 'நோ டைம் டு டை'. இயான் கம்பெனி எடுத்ததை மட்டும் எண்ணினால் 25 படம். ஹீரோ ஆறு பேர் மாறியாச்சு. வில்லன்களில் முக்கால்வாசிப் பேர் அந்தந்தப் படத்தோடு மேலே போயாச்சு. மாறாமல் கூடவே வந்தது அந்த மெட்டுதான். 59 வருஷத் தொடரை ஒட்டி வைத்த கோந்து அது.

அந்த மெட்டு பிறந்த கதையைச் சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். 'டாக்டர் நோ'வுக்கு இசை மாண்டி நார்மன். அவர் அதற்கு முன்னால், வி.எஸ்.நைபால் எழுதிய 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை மேடை இசை நாடகமாக்கப் பாட்டுகள் போட்டு வைத்திருந்தார். ட்ரினிடாடுக்குக் கரும்புக் கூலிகளாகக் கப்பலேறிப் போன இந்தியர்களின் வம்சத்தைப் பற்றிய கதை அது. நாடகம் மேடை ஏறவே இல்லை. பாட்டுகள் அவரிடமே கிடந்தன. அதில் ஒன்று, அபசகுனத் தும்மலைப் பற்றிய பாட்டு, இந்தியச் சாயலில் போட்ட மெட்டு. பாண்ட் படம் வந்ததும் அதைத் தூசி தட்டி எடுத்தார். ஜான் பாரி அதற்கு பிராஸ் எல்லாம் சேர்த்து ஜாஸ் ஆக்கினார். விக் ஃப்ளிக் கிடாரில் வாசித்தார். தும்மல் பாட்டு 007 ஆயிடுச்சு!

பாரி அதற்கப்புறம் 11 பாண்ட் படத்துக்கு இசையமைத்தார். அதனால் மெட்டே அவருடையதுதான் என்ற பேச்சு கிளம்பி, 1997-ல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் கட்டுரையாகவே வந்துவிட்டது. நார்மன் கோர்ட்டுக்குப் போனார். பாரியே வந்து சாட்சி சொன்னார். 2001-ல் நார்மன் பக்கம் தீர்ப்பு, 30,000 பவுண்டு நஷ்டஈடு. என் தனிப்பட்ட அபிப்பிராயம்: மெட்டு நார்மனுடையது, மிரட்டல் பாரியுடையது. கோர்ட்டில் மிரட்டலுக்குக் காப்புரிமை கிடையாது, என்ன செய்ய!

இன்னொரு வேடிக்கை. 1983-ல் வந்த 'ஆக்டோபஸி'யில் பாண்ட் உதய்ப்பூருக்கு வந்து இறங்குகிறார். படித்துறையில் பாம்பாட்டி வேஷத்தில் ஒரு ஆள் மகுடியில் அதே 007 மெட்டை ஊதி அடையாளம் காட்டுகிறார். ஊதியது நம்ம சென்னை டென்னிஸ்காரர் விஜய் அமிர்தராஜ். இந்தியச் சாயலில் பிறந்து, கிடாருக்குப் போய், 21 வருஷம் கழித்து மகுடி வழியாக ஊர் திரும்பின மெட்டு!

"கோல்ட்ஃபிங்கர் (1964) டைட்டில் பாட்டே வில்லனைப் பத்தித்தானே?" என்று எதிர்க்கட்சி கேட்கும். நியாயமான கேள்விதான். ஷெர்லி பாஸி அதில் பாண்டைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனா அந்த வில்லனாக நடித்த ஜெர்மன்காரர் கெர்ட் ஃப்ரோபேவுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தது வேறொருத்தர். அவருக்கு சொந்தமாக இருந்தது முகமும் அந்தப் பாட்டும்தான் என்று நாங்கள் பதில் சொல்வோம்.

சரி, நம்மூர் பாண்டுகளுக்கு வருவோம். எங்க தாத்தா தலைமுறைக்கு ஜேம்ஸ்பாண்ட் என்றால் ஜெய்சங்கர்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று எடுத்துத் தள்ளியது. ரெண்டுக்கும் டைரக்‌ஷன் ஆர்.சுந்தரம், இசை வேதா. எம்.ஜி.ஆரும் விடவில்லை, 1968-ல் பி.ஆர்.பந்துலு டைரக்‌ஷனில் 'ரகசிய போலீஸ் 115' வந்தது. நம்பர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வேதா என்றாலே 'இந்தி மெட்டு காப்பி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 'வல்லவனுக்கு வல்லவன்' (1965) படத்தின் 'ஓராயிரம் பார்வையிலே' பாட்டு ரவி இந்தியில் போட்டதுதான், மறைக்க ஒன்றுமில்லை. நார்மன் தன் பாட்டைத் தானே எடுத்தார், வேதா அடுத்தவர் மெட்டை எடுத்தார். வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா எல்.ஆர்.ஈஸ்வரி குரலில் 'வல்லவன் ஒருவன்' பாட்டை இன்னைக்குக் கேட்டாலும் நம் சினிமாவில் உளவாளி உலகம் எப்படி ஒலிக்கணும்னு ஒரு ஆள் யோசிச்சிருக்கார்னு புரியும். பாரிக்கு சாட்சிக் கூண்டாவது கிடைத்தது. வேதாவுக்கு ஒரு சொல் கிடைத்தது, அதுவும் வசவு.

அந்தப் படங்கள் ஏன் தொடராகவில்லை? ஹீரோ இருந்தார், வில்லன்கள் இருந்தார்கள், ஒரே இசையமைப்பாளரும் இருந்தார். படத்துக்குப் படம் கூட வரும் மெட்டு இல்லை. ஒவ்வொரு படத்திலும் முதலிலிருந்து ஆரம்பம். கடைசியில் அந்தத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டே 1980-ல் 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்கு வில்லனாகிவிட்டார். அதற்கு இசை யாருன்னு பாருங்க: பண்ணைப்புரத்து இளையராஜா.

இங்கேதான் எங்க கம்பம் பள்ளத்தாக்கு கதைக்குள் வருது. 1986-ல் ராஜ்கமல் எடுத்த 'விக்ரம்'. சுஜாதா கதை குமுதத்தில் தொடராகவும் வந்தது. அக்னிபுத்ரா என்ற ராக்கெட்டைக் கடத்துகிறார்கள், அதைத் தேடி சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியத்துக்குப் போகிறார் கமல். (நிஜ அக்னி ஏவுகணை முதல் சோதனை 1989-ல். வாத்தியார் வாத்தியார்தான்.) வில்லன் சுகிர்தராஜாவாக சத்யராஜ். முந்தின வருஷம் 'காக்கி சட்டை'யில் இதே டைரக்டர் ராஜசேகர், இதே கமல், இதே ராஜா சார் இசை. அதில் சத்யராஜ் 'தகடு தகடு' என்று ஊரையே கலக்கியவர். 'விக்ரம்' பார்த்த எங்க அப்பாவுக்கு சலாமியா கதை முழுசா ஞாபகம் இல்லை. டைட்டில் பாட்டு மட்டும் மறக்கவில்லை.

அந்தப் பாட்டு ஹீரோ பெயரையே மெட்டாக்கியது. கிராமத்து இசைக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டவர் முழுக்க எலக்ட்ரானிக் சத்தத்தில் விளையாடியிருக்கிறார். பாடியது கமலே. எழுதியது வைரமுத்து, பூண்டு மார்க்கெட்டுக்குப் பேர் போன வடுகபட்டிக்காரர். ஆக, தமிழுக்கு 007 மாதிரி ஒரு பெயர் மெட்டு கிடைத்தது தேனிப் பக்கத்து ரெண்டு பேரால். அடுத்தடுத்து நாலு படம் வந்திருந்தால் அதைப் போட்டாலே தியேட்டர் எழுந்திருக்கும். வரவில்லை. அதே வருஷம் 'புன்னகை மன்னன்' முடிந்ததோடு அந்த ரெண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள்.

36 வருஷம் கழித்து, 2022 ஜூனில் விக்ரம் திரும்பி வந்தார். லோகேஷ் கனகராஜ் டைரக்‌ஷன், அனிருத் இசை. கடைசியில் சில நிமிஷமே வந்த சூர்யாவின் ரோலெக்ஸைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. வில்லன் கட்சிக்காரர்கள் இப்போதெல்லாம் முதலில் எடுத்து வைப்பது அந்த ரோலெக்ஸைத்தான். சவுண்டை ம்யூட் பண்ணிட்டு அந்த சீனை ஒருவாட்டி ஓட்டிப் பாருங்கப்பு, அப்புறம் பேசிக்கலாம்.